டியேகோ கோஸ்டா ஏன் ஸ்பெயின் சட்டையை அணிந்தார்?

கேள்வி இது: பிரேசிலில் பிறந்து வளர்ந்த டியேகோ கோஸ்டா, 2014இல் பிரேசிலிலேயே உலகக் கோப்பை நடந்தபோது ஸ்பெயின் அணிக்கு ஆடியது நியாயமா? அவர் நிஜமாகவே பெரிய ஸ்டிரைக்கரா, அல்லது அடிதடியால் பெயர் வாங்கியவரா?

நியாயம்தான் என்பேன். இரண்டாவது கேள்விக்கு, அடிதடியும் உண்மை, ஆட்டமும் உண்மை. 2012 முதல் 2017 வரை அவரளவுக்குத் தடுப்பாட்டக்காரர்களைத் திணறடித்த முன்கள வீரர்கள் ஐரோப்பாவில் மிகச் சிலரே இருந்தார்கள். ஆனால் அவர் புகழோடு இருந்த அந்த ஐந்து ஆண்டுகளை மட்டும் பார்த்தால் இந்த இரண்டு பதில்களும் விளங்காது. அவர் கால்பந்தை எங்கே கற்றார் என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

பிறந்தது 1988 அக்டோபர் 7. ஊர் லாகர்டோ. பிரேசிலின் வடகிழக்கில், அந்நாட்டின் மாநிலங்களிலேயே மிகச் சிறியதான செர்ஜிப்பேயின் உட்பகுதியில் இருக்கும் ஊர். தந்தை கால்பந்துப் பித்தர். ஒரு மகனுக்குப் பிரேசில் ஆட்டக்காரர் ஜெயர்சினியோவின் நினைவாக ஜாயிர் என்றும், இன்னொரு மகனுக்கு மரடோனாவின் நினைவாக டியேகோ என்றும் பெயர் வைத்தார். பிரேசிலில் பிள்ளைக்கு அர்ஜென்டினா ஆட்டக்காரரின் பெயரைச் சூட்ட வேண்டுமென்றால், அந்த மனிதருக்கு நாட்டெல்லையைவிடப் பந்து பெரிதாக இருந்திருக்க வேண்டும்.

பிரேசிலில் பெயர் பெறும் ஆட்டக்காரர்கள் பெரும்பாலும் பத்து, பன்னிரண்டு வயதிலேயே சான்டோஸ், ஃப்ளமெங்கோ, கொரிந்தியன்ஸ் போன்ற பெரிய கிளப் ஒன்றின் பயிற்சிக்கூடத்துக்குள் போய்விடுவார்கள். அங்கே பந்தை நிறுத்துவது, திருப்புவது மட்டுமல்ல, எதிராளி சீண்டினால் என்ன செய்வது, நடுவரிடம் எப்படிப் பேசுவது என்பதையும் சேர்த்தே கற்பிக்கிறார்கள். கோஸ்டாவுக்கு அந்த வாசல் திறக்கவில்லை. பதினைந்து வயதளவில் சாவ் பாவ்லோவுக்குப் போய் மாமாவின் கடையில் வேலை பார்த்தார். பிறகு பார்சிலோனா எஸ்போர்ட்டிவோ கப்பேலா என்ற சிறிய கிளப்பில் இடம் கிடைத்தது. தனக்கு யாரும் கட்டுப்பாட்டைக் கற்றுத் தரவில்லை, களத்தில் எல்லோரையும் திட்டினேன், எதிராளியை மதிக்கத் தெரியாமல் வளர்ந்தேன் என்று பின்னாளில் அவரே பேட்டியில் வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார். அந்தச் சின்ன கிளப்பில் இருந்தபோதே எதிராளி ஒருவரை அறைந்ததற்காக நான்கு மாதத் தடை பெற்றார். அப்படியும் போர்ச்சுகல் ஏஜெண்ட் ஜோர்ஜே மென்டிஸின் ஆட்கள் கண்ணில் அவருடைய ஆட்டம் பட்டது. 2006இல், பதினேழு வயதில், போர்ச்சுகலின் பிராகா கிளப்புக்கு விமானம் ஏறினார்.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அதுவரை பிரேசிலின் எந்த முதல்தர கிளப்புக்கும் அவர் ஓர் ஆட்டம்கூட ஆடியதில்லை. பிரேசில் கால்பந்து அவரைத் தேடவும் இல்லை, வளர்க்கவும் இல்லை.

அடுத்த ஆறு ஆண்டுகள் ஊர் ஊராக அலைந்த காலம். பிராகா அவரைப் பெனாஃபியலுக்கு இரவல் கொடுத்தது. ஸ்பெயினின் அத்லெடிகோ மாட்ரிட் அவரை வாங்கிவிட்டு, முதலில் பிராகாவுக்கே திருப்பி இரவல் கொடுத்தது. பிறகு இரண்டாம் பிரிவில் செல்டா வீகோவுக்கு ஒரு பருவம், அல்பசெட்டேக்கு ஒரு பருவம். 2009இல் கோல்கீப்பர் அசென்ஹோவை வாங்கும் பேரத்தின் ஒரு பகுதியாக வல்லாடோலிட் கிளப்புக்கே அவரைக் கொடுத்துவிட்டார்கள், திரும்ப வாங்கிக்கொள்ளும் உரிமையை மட்டும் வைத்துக்கொண்டு. அங்கே முதல் பிரிவில் 8 கோல் அடித்தார். ஆனாலும் அணி கீழ்ப்பிரிவுக்கு இறங்கியது. 2010இல் அத்லெடிகோ திரும்ப வாங்கியது. அப்போதும் ஃபோர்லான், அகுவேரோ என்ற இருவருக்குப் பின்னால் வரிசையில் நிற்கும் ஆள்தான்.

2011 ஜூலையில் துருக்கியின் பெசிக்டாஸ் கிளப்புக்குப் போகவிருந்த நேரத்தில் முழங்கால் தசைநார் கிழிந்தது. பேரம் கைவிட்டுப் போனது. ஏறக்குறைய ஆறு மாதம் ஆட்டமே இல்லை. பல ஆட்டக்காரர்களின் கதை இந்த இடத்தில் முடிந்துபோயிருக்கும். 2012 ஜனவரியில், அப்போதுதான் பயிற்சியாளராக வந்திருந்த சிமியோனே அவரை ராயோ வயேகானோவுக்கு அனுப்பினார். அது மாட்ரிட்டின் உழைப்பாளிகள் வாழும் வயேகாஸ் பகுதியின் கிளப். அங்கே 16 ஆட்டங்களில் 10 கோல். பருவத்தின் கடைசி நாளில்தான் ராயோ முதல் பிரிவில் தப்பிப் பிழைத்தது. கோஸ்டாவின் கோல்கள் இல்லாவிட்டால் அந்தக் கடைசி நாள்வரை நம்பிக்கை மிஞ்சியிருக்காது.

சிமியோனேவும் கோஸ்டாவும் சந்தித்ததை நான் அதிர்ஷ்டம் என்று மட்டும் சொல்லமாட்டேன். தன் ஆட்டக்காலத்தில் சிமியோனேவும் முரட்டு ஆட்டக்காரர் என்று பெயர் வாங்கியவர். கோஸ்டாவின் கோபத்தை அணைக்க அவர் முயலவில்லை. அதற்கு வேலை கொடுத்தார். பந்தை இழந்தவுடன் முதலில் ஓடிப்போய் எதிரணித் தடுப்பாட்டக்காரரை நெருக்குவது கோஸ்டாவின் பொறுப்பு. பின்வரிசையிலிருந்து நீளமாக வரும் பந்தைத் தோளால் இடம்பிடித்து வாங்குவதும் அவர்தான். பந்து தடுப்பாட்டக்காரருக்குப் பின்னால் விழுந்தால் அவரோடு உரசிக்கொண்டே ஓடி முந்துவதும் அவர்தான். இவை மூன்றும் உடம்பால் செய்கிற வேலைகள். பயிற்சிக்கூடத்தில் வளர்ந்த நளினமான பையன்கள் இந்த வேலைகளைத் தொண்ணூறு நிமிடம் விடாமல் செய்ய எளிதில் முன்வரமாட்டார்கள்.

அதன் முதல் பெரிய அறுவடை 2013 மே 17. ஸ்பெயின் கிளப்புகளுக்கான கோப்பைப் போட்டியான கோபா டெல் ரேயின் இறுதியாட்டம், எதிரணி ரியால் மாட்ரிட், ஆடுகளமும் ரியாலின் சொந்த மைதானமான பெர்னபேவு. 1999க்குப் பிறகு நகரத்து எதிரியை அத்லெடிகோ ஒரு முறைகூட வென்றதில்லை. ரொனால்டோ தலையால் முட்டிய கோலில் ரியால் முந்தியது. 35ஆம் நிமிடத்தில் அத்லெடிகோவின் ஃபால்காவோ நடுக்களத்துக்கு இறங்கிவந்து பந்தை வாங்கி, இரண்டு பேரை உதறிவிட்டுத் திரும்பி, இடைவெளியில் தள்ளினார். கோஸ்டா ஓடிச்சென்று தாழ்வாக அடித்த பந்து கம்பத்தில் பட்டு உள்ளே போனது. கூடுதல் நேரத்தில் மிராண்டா அடித்த கோலில் அத்லெடிகோ 2-1 என வென்றது. அந்தத் தொடரில் அதிக கோல் அடித்தவரும் கோஸ்டாதான்.

இப்போது உங்கள் கேள்வியின் மையத்துக்கு வருகிறேன். 2013 மார்ச்சில் பிரேசில் பயிற்சியாளர் ஸ்கொலாரி அவரை அழைத்தார். ஜெனிவாவில் இத்தாலியோடும், லண்டனில் ரஷ்யாவோடும் இரண்டு நட்பு ஆட்டங்கள். இரண்டிலும் பின்பாதியில் மாற்று வீரராக இறங்கினார். களத்தில் இருந்த மொத்த நேரம் ஒரு பாதி ஆட்டத்துக்குக்கூட வராது. ஜூனில் நடந்த கான்ஃபெடரேஷன்ஸ் கோப்பைக்கு அவரை எடுக்கவில்லை. ஜூலையில் அவருக்கு ஸ்பெயின் குடியுரிமை கிடைத்தது. அடுத்த பருவம் தொடங்கியதும் அவர் வாரந்தோறும் கோல் அடிக்க ஆரம்பித்தார். அதன் பிறகுதான் இரண்டு நாடுகளும் அவருக்காகப் போட்டி போட்டன.

அன்றைய விதி தெளிவாக இருந்தது. ஒரு நாட்டுக்கு அதிகாரபூர்வமான போட்டியில் ஆடியவர்தான் அந்த நாட்டோடு கட்டப்பட்டார். நட்பு ஆட்டம் அந்தக் கணக்கில் வரவில்லை. ஃபிஃபாவிடம் ஒரு முறை விண்ணப்பித்து மாறிக்கொள்ள முடிந்தது. 2013 அக்டோபர் 29 அன்று ஸ்பெயினுக்கு ஆட விரும்புவதாகக் கோஸ்டா கடிதம் கொடுத்தார். பிறந்த நாட்டுக்கும், தனக்கு எல்லாம் கொடுத்த நாட்டுக்கும் இடையே தேர்ந்தெடுப்பது மிகக் கடினமாக இருந்தது என்றார். ஸ்கொலாரி கொதித்துப்போனார், சொந்த நாட்டில் நடக்கும் உலகக் கோப்பையை உதறுகிறவர் கோடிக்கணக்கானவர்களின் கனவுக்கு முதுகு காட்டுகிறார் என்று அறிக்கை விட்டார். கோஸ்டாவின் பிரேசில் குடியுரிமையையே பறிக்க வேண்டும் என்று கோரும் அளவுக்கு அந்நாட்டுக் கால்பந்துக் கூட்டமைப்பு போனது.

இதை நான் அநீதி என்றே கருதுகிறேன். பதினேழு வயதில் வெளியேறிய பையன் யாருடைய பார்வையிலும் இல்லை. இரண்டாம் பிரிவில் உருண்டபோதும் முழங்கால் கிழிந்து படுத்திருந்தபோதும் அவருடைய பிரேசில் பிறப்பு யாருக்கும் நினைவில்லை. அவர் ஓடக் கற்றதும், நிற்கக் கற்றதும், ஆட்டக்காரராக முழுமை அடைந்ததும் ஸ்பெயினில். இப்படி நாடு மாறியவர்களில் அவர் முதலாமவரும் அல்லர். மசோலா என்று அழைக்கப்பட்ட ஜோசே அல்டாஃபினி 1958 உலகக் கோப்பையைப் பிரேசிலோடு வென்றவர். 1962 உலகக் கோப்பையில் இத்தாலிக்கு ஆடினார். 2008இல் ஐரோப்பியக் கோப்பையை வென்ற ஸ்பெயின் அணியின் நடுக்களத்தில் நின்ற மார்கோஸ் சென்னாவும் சாவ் பாவ்லோக்காரர்தான். கோஸ்டாவின் மேல் மட்டும் இவ்வளவு கோபம் வந்ததற்குக் காரணம், உலகக் கோப்பை பிரேசிலில் நடந்ததும், அந்த நேரத்தில் பிரேசிலுக்கு அவரைப் போன்ற ஒரு ஸ்டிரைக்கர் தேவைப்பட்டதும்தான்.

2013-14 பருவம் அவருடைய உச்சம். லீகில் 27 கோல். அவருக்கு மேலே ரொனால்டோவும் மெஸ்ஸியும் மட்டுமே. ஐரோப்பாவின் முன்னணி கிளப்புகள் மோதும் சாம்பியன்ஸ் லீகில் 8 கோல். பதினெட்டு ஆண்டுகளுக்குப் பிறகு அத்லெடிகோ லீக் பட்டம் வென்றது. ஆனால் உடம்பு கணக்குக் கேட்கத் தொடங்கிவிட்டது. பட்டத்தை முடிவு செய்த பார்சிலோனா ஆட்டத்தில் தொடைத் தசை இழுத்துக்கொண்டு, தொடங்கிய சிறிது நேரத்திலேயே அழுதுகொண்டே வெளியேறினார். ஒரு வாரத்தில் லிஸ்பனில் ரியால் மாட்ரிட்டோடு சாம்பியன்ஸ் லீக் இறுதி. அதற்குள் குணமாகிவிட வேண்டும் என்று பெல்கிரேடுக்குப் பறந்து, குதிரை நஞ்சுக்கொடியைக் கொண்டு செய்யும் சிகிச்சையைக்கூட எடுத்துக்கொண்டார். பலனில்லை. ஒன்பதாம் நிமிடத்தில் களத்தைவிட்டு இறங்க வேண்டியதாயிற்று. ஒரு மாற்று வீரர் வாய்ப்பு அப்படியே வீணானது. 93ஆம் நிமிடத்தில் ரியாலின் ராமோஸ் சமன் செய்தார். கூடுதல் நேரத்தில் களைத்துப்போன அத்லெடிகோ 4-1 எனத் தோற்றது. அவரை இறக்கியது தன் முடிவு, பொறுப்பும் தன்னுடையது என்று சிமியோனே சொன்னார். காயத்தோடு இறங்க அவ்வளவு துடித்தவரைத் தடுத்திருக்க வேண்டியது கிளப்தான் என்பது என் எண்ணமும்.

அந்த உடம்போடுதான் உலகக் கோப்பைக்குப் போனார். ஸ்பெயினின் முதல் ஆட்டம் நெதர்லாந்தோடு, ஜூன் 13, சால்வடோரில். செர்ஜிப்பேக்கு அடுத்த மாநிலமான பாஹியாவின் தலைநகரம் அது. லாகர்டோவிலிருந்து சில மணி நேரச் சாலைப் பயணம். பந்து காலில் பட்ட ஒவ்வொரு முறையும் மைதானம் முழுவதும் அவரை ஏசியது. அவரை வீழ்த்தியதற்குக் கிடைத்த பெனால்டியைச் சாபி அலோன்சோ கோலாக்கினார். அதற்குப் பிறகு நெதர்லாந்து ஐந்து கோல் அடித்தது. மரக்கானாவில் சிலியிடம் 2-0 எனத் தோற்று நடப்பு சாம்பியன் வெளியேறியது. மூன்றாவது ஆட்டத்தில் கோஸ்டா களமிறங்கவில்லை.

வசவையும் காயத்தையும் தாண்டி ஆட்ட முறையிலும் ஒரு சிக்கல் இருந்தது. அது பலரும் பேசாத விஷயம். அன்றைய ஸ்பெயின் பந்தைக் கையாளும் விதத்தில் எதிரணி தன் பெட்டிக்கு முன்னால் பத்து பேரோடு குவிந்துவிடும். கோஸ்டாவுக்குத் தேவையானது ஓடுவதற்கு முப்பது மீட்டர் வெற்றிடம். அத்லெடிகோ பின்வாங்கி ஆடி அதை அவருக்கு உண்டாக்கித் தந்தது. ஸ்பெயினின் ஆட்டம் அதை அடைத்துவிட்டது. அவருக்கு ஸ்பெயினின் முதல் கோல் வர அக்டோபர்வரை, லக்ஸம்பர்க் ஆட்டம்வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

அதே கோடையில் செல்சி வாங்கியது. லண்டனில் முதல் நான்கு லீக் ஆட்டங்களில் 7 கோல்! பின்னால் ஃபாப்ரெகாஸ் நின்று பந்தை அனுப்ப, மூன்று பருவங்களில் இரண்டு லீக் பட்டங்கள். பட்டம் வென்ற அந்த இரண்டு பருவங்களிலும் லீகில் தலா 20 கோல். மொத்தம் 120 ஆட்டங்களில் 59 கோல். கூடவே தடைகளும் வந்தன: லிவர்பூலின் எம்ரே ஜான் மேல் மிதித்ததற்கு ஒன்று, அர்செனலின் கொசியெல்னியின் முகத்தில் கை வைத்ததற்கு ஒன்று. இந்தச் செயல்களுக்கு நான் வக்காலத்து வாங்கமாட்டேன். எதிராளியின் நிதானத்தைக் குலைப்பது அவருடைய உத்தி. அது எல்லை தாண்டியபோது தண்டனை கிடைத்தது சரியே.

செல்சியை விட்டுப் பிரிந்தது கசப்பாக முடிந்தது. 2017 ஜூனில் பயிற்சியாளர் கான்டேயிடமிருந்து, அடுத்த பருவத்துக்கான திட்டத்தில் நீ இல்லை என்று கைபேசியில் ஒரு குறுஞ்செய்தி வந்தது. பட்டம் வென்று தந்த ஆட்டக்காரருக்கு அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. கோஸ்டா லாகர்டோவுக்குப் போய் உட்கார்ந்துகொண்டார். பயிற்சிக்குத் திரும்ப மறுத்தார். செப்டம்பரில் அத்லெடிகோ அவரைத் திரும்ப வாங்கியது, ஆனால் புதிய ஆட்டக்காரர்களைப் பதிவு செய்ய அந்தக் கிளப்புக்கு இருந்த தடையால் 2018 ஜனவரிவரை ஆட முடியவில்லை. திரும்பிவந்து ஆடிய லீக் ஆட்டத்தில் கெடாஃபேக்கு எதிராகக் கோல் அடித்தார். அந்த மகிழ்ச்சியில் ரசிகர்கள் கூட்டத்துக்குள் பாய்ந்ததற்கு இரண்டாவது மஞ்சள் அட்டை வாங்கி வெளியே போனார். மே மாதம் அர்செனலுக்கு எதிரான யூரோபா லீக் அரையிறுதியின் இரண்டாவது ஆட்டத்தில் ஒரே கோலை அடித்து அணியை இறுதிக்குக் கொண்டுபோனார்; கோப்பையும் கிடைத்தது.

ஸ்பெயின் சட்டையில் அவருடைய சிறந்த மாலை அதற்கு அடுத்த மாதம், 2018 உலகக் கோப்பையில், ஜூன் 15, ரஷ்யாவின் சோச்சியில் வந்தது. போர்ச்சுகலுக்கு எதிராக 24ஆம் நிமிடம். புஸ்கெட்ஸ் நீளமாகத் தூக்கிய பந்துக்குக் கோஸ்டாவும் பெப்பேயும் எழும்பினார்கள். கோஸ்டாவின் முன்கை பட்டுப் பெப்பே கழுத்தைப் பிடித்தபடி விழுந்தார். நடுவர் விசில் ஊதவில்லை. கோஸ்டா தனியாக இரண்டு தடுப்பாட்டக்காரர்களுக்கு நடுவே நுழைந்து, பந்தை இடமும் வலமுமாக வெட்டி, ஒருவரைச் சறுக்கவிட்டு, மூலையில் தாழ்வாக அடித்தார். காணொளி நடுவர்கள் கோலை ஏற்றார்கள். என் கண்ணுக்கு அது ஃபவுல்தான். ஆனால் அதற்குப் பிறகு அந்தக் கால்கள் செய்த வேலை அசலான பிரேசில் வேலை. அன்று மோதிக்கொண்ட இருவரும் பிரேசிலின் வடகிழக்கில் பிறந்தவர்கள். பெப்பேயின் மசேயோ அலகோவாஸ் மாநிலத்தில் இருக்கிறது. செர்ஜிப்பேக்கும் அதற்கும் நடுவில் ஓடுவது சாவ் ஃபிரான்சிஸ்கோ ஆறு. ஒருவர் போர்ச்சுகல் சட்டையில், ஒருவர் ஸ்பெயின் சட்டையில். பெப்பேயை யாரும் துரோகி என்று ஏசியதாக எனக்கு நினைவில்லை. ஆட்டம் 3-3 என முடிந்தது, கோஸ்டாவுக்கு இரண்டு கோல். ஸ்பெயினுக்கு மொத்தம் 24 ஆட்டங்கள், 10 கோல்.

அதன் பிறகு சரிவு. 2019 ஏப்ரலில் பார்சிலோனா மைதானத்தில் நடுவரை இழிவாகப் பேசியதற்கு எட்டு ஆட்டத் தடை. காயங்கள். 2020 டிசம்பரில் அத்லெடிகோவோடு ஒப்பந்தம் முடிந்தது.

2021இல் அத்லெடிகோ மினெய்ரோவில் சேர்ந்தார். பிரேசிலின் முதல் பிரிவில் அவர் அடியெடுத்து வைத்தது அப்போதுதான், 32 வயதில். ஐம்பது ஆண்டுகளாக லீக் பட்டத்துக்கு ஏங்கிய அந்தக் கிளப் அந்த ஆண்டே லீகையும் பிரேசில் கோப்பையையும் வென்றது. முக்கிய நாயகன் ஹல்க், கோஸ்டா துணைதான். இடையில் இங்கிலாந்தின் உல்வ்ஸில் ஒரு பருவம். பிரென்ட்ஃபோர்டு ஆட்டக்காரர் ஒருவரைத் தலையால் முட்டிச் சிவப்பு அட்டை வாங்கினார். அங்கே அவர் அடித்த ஒரே கோலும் அதே பிரென்ட்ஃபோர்டுக்கு எதிராகத்தான். பிறகு போட்டாஃபோகோ, 2024இல் கிரேமியோ. அந்த மே மாதம் கிரேமியோ இருக்கும் ரியோ கிராண்டே டோ சுல் மாநிலம் வெள்ளத்தில் மூழ்கியபோது, சிக்கிக்கொண்டவர்களை மீட்கும் பணியில் கோஸ்டாவும் நேரடியாக இறங்கினார். பத்தாண்டுகளுக்கு முன் அவருடைய குடியுரிமையைப் பறிக்கச் சொன்னவர்கள் இதையும் கணக்கில் எழுதிக்கொள்ள வேண்டும்.

அவரை ஆட்டத்தின் வழியாகவே எடைபோட விரும்பினால் மூன்று ஆட்டங்களைத் தேடிப் பாருங்கள். ஒன்று, மேலே சொன்ன 2013 கோபா இறுதி. இரண்டாவது, 2014 மார்ச்சில் ஏசி மிலானை 4-1 என வென்ற ஆட்டம். மூன்றாம் நிமிடத்தில் காற்றில் பாய்ந்து அவர் அடித்த கோலைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்க்கலாம். மூன்றாவது, 2018 ஆகஸ்டில் எஸ்டோனியாவின் தாலின் நகரில் ரியால் மாட்ரிட்டோடு நடந்த ஐரோப்பிய சூப்பர் கோப்பை. ஆட்டம் தொடங்கி ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. கோடின் அனுப்பிய நீளமான பந்தைத் தலையால் ராமோஸுக்கு மேல் தட்டி, வரானையும் தாண்டி, கோணமே இல்லாத இடத்திலிருந்து வலைக்குள் அறைகிறார். காலை உணவுக்கு முன் பார்த்தாலும் அன்றைக்கு முழுவதும் உற்சாகம் தங்கும்.